கோட்டுக்குள் ஒரு வீடு

நம் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கடப்பாரை போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தப்பு. அதற்கென்று நிலத்தடி நீர்க் கழகம் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் ஊரில் பூமிக்கு அடியில் இருப்பது பாறையா மணலா என்பதைப் பூமி முடிவு செய்வதில்லை. கழகம் முடிவு செய்யும். பூமி அதற்குக் கட்டுப்பட்டு நடந்துகொள்ள வேண்டும்.

இவன் வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று நீங்கள் நினைக்கலாம். ஆமாம், வயிற்றெரிச்சலில்தான் பேசுகிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு உங்கள் வயிறு எரியாவிட்டால் சொல்லுங்கள்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பள்ளிக்கூடம் விடும் வரை எனக்கு வேலை இல்லை. அதனால் மாப்பிள்ளையோடு கழகத்துக்கு நடக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை. பரம சாது. பஸ்ஸில் யாராவது அவர் காலை மிதித்தால் அவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

அவர்கள் வீடு ஒரு சரிவுத் தெருவில். மேலே ஏறினால் குன்று, கீழே இறங்கினால் ஆறு. தெருக் குழாய் சரிவின் அடியில். பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகப் பார்த்துத்தான் அதில் தண்ணீர் வரும், கொஞ்ச நேரத்தில் நின்றும் போகும். என் தங்கைக்கு இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாக உண்டாகியிருந்தது. டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"குடம் தூக்கக் கூடாது. சின்னக் குடம்கூடக் கூடாது. புரியுதா?"

"காலிக் குடம், டாக்டர்?" என்று கேட்டாள் என் தங்கை. அவள் வாய் அப்படி.

"காலிக் குடம் எதுக்குப் போகுது? நிறையத்தானே? அதுவும் கூடாது."

அன்றிலிருந்து தண்ணீர் வரும் நேரத்துக்கு மாப்பிள்ளை கடையில் அனுமதி கேட்டு ஓடி வருவார், நாலு குடம் பிடித்து வைப்பார், திரும்ப ஓடுவார். முதலாளியின் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. எத்தனை மாதம் இப்படி ஓட முடியும்? வீட்டிலேயே ஒரு போர் போட்டுவிடலாம் என்று முடிவானது. பிரசவத்துக்கு முன்னால் கொல்லையில் தண்ணீர் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் ஆசை.

போர் போடும் வண்டிக்காரரைப் போய்ப் பார்த்தோம்.

"குன்றுப் பக்கம்னா பாறை. அதுக்குச் சுத்தியல் வண்டி. மேல இருக்கிற மண்ணுக்கு மட்டும் குழாய் இறக்கினாப் போதும், அதுக்குக் கீழ பாறை தானா நிக்கும். எங்கயாவது வெடிப்பு கிடைச்சா தண்ணி. ஆத்துப் பக்கம்னா மணல். அதுக்கு வேற வண்டி. அடி வரைக்கும் குழாய் இறக்கணும், இல்லாட்டி குழி தன்னால மூடிக்கும். எதுன்னு கழகத்துல எழுதி வாங்கிட்டு வாங்க. எழுத்து இல்லாம வந்தா என் வண்டியைப் பறிச்சுக்குவாங்க."

நியாயமான விதி. மணலில் பாறை வண்டியை விட்டு வீணாய்ப் போனவர்கள் உண்டு. அப்படி யாரும் ஏமாறக் கூடாது என்று எவரோ நல்ல மனசோடு போட்ட விதிதான் அது. பிறகு அதைக் கழகத்தின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கழகத்தின் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க வரைபடம். கண்ணாடி போட்டு, மேலே தனி விளக்கு வைத்திருந்தார்கள். குன்றுப் பக்கம் முழுவதும் பழுப்பு: பாறை. ஆற்றுப் பக்கம் முழுவதும் மஞ்சள்: மணல். நடுவே வளைந்து நெளிந்து ஒரு கறுப்புக் கோடு. கழகத்தின் முதல் இயக்குநர் தன் கையாலேயே போட்டதாம். அதன் முன்னால் வரும்போது ஊழியர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நான் தும்மினேன். எல்லோரும் திரும்பி முறைத்தார்கள்.

படத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஒரு குச்சியை வைத்துக்கொண்டு எங்கள் தெருவைத் தேடினார். தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து தன் உருப்பெருக்கியை எடுத்து நீட்டினார். லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கக் கடையில் வைத்திருப்பது. அதிகாரி அதை வாங்கி, மூக்கைப் படத்தோடு ஒட்டிப் பார்த்துவிட்டு, "அடடா!" என்றார்.

"என்ன சார்?"

"நீங்க கோட்டுக்குள்ள இருக்கீங்க."

"கோட்டுக்கு எந்தப் பக்கம் சார்?"

"பக்கமெல்லாம் கிடையாது. உள்ள. கோடு கொஞ்சம் பட்டையான கோடு, பாருங்க. பெரியவர் அந்தக் காலத்துப் பேனாவால போட்டது. படத்துல நூல் அளவுதான். தரையில ஒரு தெரு அகலத்துக்கு வரும். அந்தத் தெரு உங்க தெரு."

மாப்பிள்ளைக்கு விளங்கவில்லை. "அந்தப் பக்கம் பாறை, இந்தப் பக்கம் மணல். சரி சார். கோட்டுக்குள்ள என்ன சார் இருக்கு?"

அதிகாரி மறுபடியும் உருப்பெருக்கியை வைத்துக் கவனமாகப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"மை இருக்கு" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. மைக்கு எந்த வண்டியை அனுமதிப்பது என்று விதியில் இல்லையாம். பாறைப் பிரிவோ மணல் பிரிவோ நேரில் வந்து பார்த்து, இது எங்கள் இடம் என்று ஒப்புக்கொண்டால் மேற்கொண்டு பார்க்கலாமாம்.

நாங்கள் கிளம்பும்போது, "வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"ரெண்டு பேர் சார். மூணாவது வந்துக்கிட்டு இருக்கு."

அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. "மூணுன்னே போட்டுடறேன். ஆளுக்கு இத்தனை அடி ஆழம்னுதான் இங்க கணக்கு. வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் சேத்து ஆழம் குடுக்கிறது எங்க கழகம் மட்டும்தான். நல்லபடியா பெத்தெடுக்கச் சொல்லுங்க."

அன்று எனக்கு அவரைப் பிடித்துத்தான் போனது.

வீட்டில் வந்து சொன்னதும் என் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப நாம மையிலயா குடியிருக்கோம்? அதான் எவ்வளவு தோய்ச்சாலும் துணி வெளுக்க மாட்டேங்குது. பாத்தியாண்ணா உன் மருமகப் பிள்ளையை? பொறக்கிறதுக்கு முன்னாடியே அப்பனுக்கு ஆழம் சம்பாதிச்சுக் குடுத்துடுச்சு!"

முதலில் பாறைப் பிரிவு வந்தது. கொல்லையில் ஓர் எருமை படுத்திருக்கிற மாதிரி பெரிய பாறை ஒன்று மண்ணிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும். என் தங்கை அதன் மேல்தான் துணி துவைப்பாள். பாறைப் பிரிவு அதிகாரி வெயிலில் சரிவு ஏறி வந்த களைப்பில் அதன் மேலேயே உட்கார்ந்தார். என் தங்கை கொடுத்த தேநீரைக் குடித்தார். பிறகு, இவ்விடத்தில் பாறை இருப்பது உறுதி செய்யப்படவில்லை என்று எழுதினார்.

"சார், நீங்க உக்காந்திருக்கிறதே பாறை மேலதான்" என்றாள் என் தங்கை.

"தெரியுதும்மா. சுடுது. ஆனா இது இந்த இடத்துப் பாறைதானா, மேல இருந்து உருண்டு வந்ததான்னு தெரியலையே?"

"தோண்டிப் பாத்தாத் தெரிஞ்சுடும் சார்."

"தோண்ட அனுமதி வேணுமேம்மா" என்றார் அவர், சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல. "அனுமதி குடுக்கணும்னா கீழ பாறைன்னு தெரியணும்."

அடுத்து மணல் பிரிவு வந்தது. அவர்கள் கொல்லைப் பக்கமே போகவில்லை. வாசலில் ஒரு பிடி மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டுப் பார்த்து, "இது மணல் இல்ல, பாறைத் தூள்" என்றார்கள். அதற்கப்புறம் இரண்டு பிரிவும் சேர்ந்து வந்தன. "இது உங்க இடம்தான்," "இல்லைங்க, உங்களுதுதான்" என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக்கொண்டார்கள். பந்தியில் கடைசி அப்பளத்தைக்கூட யாரும் இப்படி விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை. கடைசியில் இருவரும் கலந்து பேசி ஒரு வழி சொன்னார்கள்.

"பேசாம நீங்க வீட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டிக்கலாமே?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கோபப்படலாமா என்று அனுமதி கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. தங்கை என் கையை அழுத்திப் பிடித்தாள். "வேண்டாம்ணா. அப்புறம் மையும் இல்லைன்னுடுவாங்க."

நாட்கள் ஓடின. குனிந்து செருப்பு வாரை மாட்ட முடியாத அளவுக்கு அவள் வயிறு பெருத்தது. மாப்பிள்ளை தினமும் சரிவில் ஓடி வந்து குடம் சுமந்தார். கழகத்தில் கோட்டை மெலிய வைப்பது பற்றி ஒரு குழு கூடியது. பாறைப் பக்கமாகச் சுரண்டினால் பாறைப் பிரிவுக்கு ஒரு தெரு கூடிவிடும் என்று மணல் பிரிவு எழுந்தது. வேண்டாம் என்று தள்ளிய அதே தெரு! இந்தப் பக்கமாகச் சுரண்டினால் மணலுக்குக் கூடிவிடும் என்று பாறைப் பிரிவு எழுந்தது. பெரியவர் போட்ட கோட்டில் பிளேடு வைப்பதா என்று பழைய ஊழியர் ஒருவர் அழுதே விட்டாராம். கடைசியில் எங்கள் வீடு இருக்கும் புள்ளியை மட்டும் சுரண்டி, அதைப் பழுப்பாக்கிவிடலாம் என்று முடிவாயிற்று. பாறை! எனக்கு அந்த எருமைப் பாறையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

ஆனால் சும்மா சுரண்டிவிட முடியுமா? விழா வைத்தார்கள். பயனாளி மேடையில் இருந்தாக வேண்டும் என்று தகவல் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் விழா.

"போயிட்டு வாங்க. தண்ணி வர்றதுக்குள்ள வந்துடுவீங்கல்ல?" என்றாள் தங்கை.

"வந்துடுவேன். ஒரு புள்ளிதானே, எவ்வளவு நேரம் ஆகப்போகுது?" என்றார் மாப்பிள்ளை.

மேடையில் வரைபடத்தை இறக்கி மேசை மேல் கிடத்தியிருந்தார்கள். இயக்குநர் வந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். பிளேடை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். புள்ளி கண்ணுக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையின் உருப்பெருக்கியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, இயக்குநர் பேச ஆரம்பித்தார்.

"ஒரு வாளித் தண்ணீரை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். மேகம் கொடுக்கிறது, ஆறு கொடுக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கொடுக்கிறார். ஆனால் ஒரு கோட்டைக் கொடுக்க யாரால் முடியும்? கழகத்தால்தான் முடியும்! தண்ணீர் வற்றும். கோடு வற்றாது. இந்த ஒரே ஒரு குடும்பத்துக்காக எங்கள் அதிகாரிகள் எத்தனை மாதம் தூக்கம் இல்லாமல் உழைத்திருக்கிறார்கள், தெரியுமா? கடப்பாரையால் குத்திப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும் என்று சிலர் கேட்கிறார்கள். அது பாமரர்களின் வழி. நாங்கள் குறுக்கு வழியில் போகிறவர்கள் அல்ல!"

கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. எனக்கு வேனை எடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. எழுந்தேன். மேடையில் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, நீங்கள் போங்கள், நானும் இதோ கிளம்பிவிடுவேன் என்று கையைக் காட்டினார்.

அப்புறம் நடந்ததை அவர் பிற்பாடு சொல்லித்தான் அறிந்தேன். பாறைப் பிரிவு பேசியதாம். பாறைப் பிரிவு பேசியதால் மணல் பிரிவும் பேசியதாம். மாப்பிள்ளை ஒரு முறை எழுந்தார். "பயனாளி உட்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தார். இன்னொரு முறை எழுந்து, "சார், வீட்டுல தண்ணி வர்ற நேரம்" என்றார். இயக்குநர் ஒலிபெருக்கியில், "பார்த்தீர்களா, இன்னும் தோண்டவே இல்லை, அதற்குள் அவர் வீட்டில் தண்ணீர் வந்துவிட்டதாம்!" என்றார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. உருப்பெருக்கி வேறு இயக்குநர் கையில் இருந்தது. அது கடை முதலாளியுடையது. அதை விட்டுவிட்டும் ஓட முடியாது. காலை மிதித்தவனிடம் மன்னிப்புக் கேட்கிற மனிதர் என்று சொன்னேன் அல்லவா? உட்கார்ந்தே இருந்தார். கோடு சுரண்டப்பட்டபோது குழாயில் தண்ணீர் வந்து நின்றே போயிருந்தது.

அன்று வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாயடியில் சத்தம் கேட்டது. என் தங்கை வாசலில் நின்று நின்று பார்த்தாள். பிறகு சின்னக் குடத்தை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். ஒரு நடை போய்விட்டு வந்தாள். ஒன்றும் ஆகவில்லையே என்று இன்னொரு நடையும் போனாள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவள் முதலில் சொன்னது, "சின்னக் குடம்தாண்ணா" என்பதுதான். நான் திட்டிவிடுவேனோ என்று பயந்த மாதிரி சொன்னாள். ஏழு மாதம் முடிந்த பிள்ளை. விரல், நகம், புருவம் எல்லாம் இருந்தது. அழத்தான் இல்லை. என்னால் அதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியாது.

ரொம்ப நேரம் கழித்து அவள் கேட்டாள். "கோட்டை அழிச்சாங்களாண்ணா?"

"அழிச்சாச்சும்மா."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாப்பிள்ளை அவள் காலடியில் உட்கார்ந்து உருப்பெருக்கியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் ஒரு தூசியும் இல்லை.

அனுமதி வந்தது. பாறை, சுத்தியல் வண்டி, மூன்று பேருக்கான ஆழம். எதற்கு இனிமேல் என்று மாப்பிள்ளை சொன்னார். நான்தான் பிடிவாதமாக வண்டியை வரவழைத்தேன். அவள் இனி ஒரு நாளும் அந்தச் சரிவில் குடத்தோடு இறங்கக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. வண்டி கொல்லையில் நின்று இடித்தது. மேல் மண்ணுக்குக் குழாய் இறக்கினார்கள். அதற்குக் கீழே எல்லாம் பாறைதான், எங்களுக்குத் தெரிந்த பாறை. வெள்ளைப் புழுதி எழுந்து வீடு முழுக்கப் படிந்தது. ஒருவர் ஆழம் முடிந்தது, ஈரம் இல்லை. இரண்டு பேர் ஆழமும் முடிந்தது. புழுதிதான் வந்தது. "இதுதான் கடைசி. மூணாவது ஆள் ஆழம்" என்று சொல்லிவிட்டு வண்டிக்காரர் மேற்கொண்டு இறக்கினார். முடியப்போகிற நேரத்தில் எங்கோ ஒரு வெடிப்பு கிடைத்தது. தண்ணீர் பீறிட்டு அடித்தது. குழம்பலாக வந்து, பார்க்கப் பார்க்கத் தெளிந்தது. தெருவே வந்து நின்று கைதட்டியது. என் தங்கை கதவுக்குப் பின்னால் நின்றபடி பார்த்தாள், வெளியே வரவில்லை.

மறுநாள் சரிபார்க்க வந்தவர், முன்பு நல்லபடியா பெத்தெடுக்கச் சொல்லுங்க என்றாரே, அதே அதிகாரி. ஆழத்தை அளந்தார். தலையாட்டினார்.

"சரியா இருக்கு. மூணாவது ஆளைக் கொஞ்சம் கூப்பிடுங்க, ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்பறேன்."

மாப்பிள்ளை கையைப் பிசைந்தார். எனக்கு அந்த அதிகாரியை அந்தக் குழிக்குள்ளேயே தள்ளிவிடலாமா என்று இருந்தது. அப்போது என் தங்கை வெளியே வந்து, துணி துவைக்கிற பாறை மேல் உட்கார்ந்தாள்.

"மூணாவது ஆள் இல்ல சார்."

"மூணுன்னு சொல்லியிருந்தாங்களே?"

"அது கோட்டுக்குள்ள இருந்துச்சு சார். கோட்டுக்குள்ள இருக்கிறதெல்லாம் உங்க கணக்குல வராதே."

அவருக்குப் புரிந்தது. கண் கலங்கியது என்றே நினைக்கிறேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ரொம்ப வருத்தமா இருக்கும்மா. எனக்கும் பொண்ணு இருக்கு" என்றார். பிறகு, "அப்ப மூணாவது ஆள் ஆழத்தை மூடணும். அதுதான் விதி. நானா வெச்சது இல்ல" என்றார்.

"சார், தண்ணி வர்றதே அந்த ஆழத்துலதான்" என்றார் மாப்பிள்ளை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "அதை மூடிட்டா அது போர் இல்ல சார், வெறும் ஓட்டை!"

"இருக்கட்டும். ரெண்டு பேருக்கான ஆழம் அப்படியே இருக்குமே. அதுல யாரும் கை வைக்க மாட்டாங்க" என்று ஆறுதல் சொன்னார் அதிகாரி.

ஜல்லியும் சிமெண்டும் கொண்டுவந்து கொட்டினார்கள். என் மருமகப் பிள்ளை சம்பாதித்துக் கொடுத்த ஆழம் அது. அதில்தான் தண்ணீர் இருந்தது. அதை மட்டும் அளந்து மூடினார்கள். போகும்போது அதிகாரி மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "அடுத்தது உண்டானதும் வந்து சொல்லுங்க, திரும்பத் தோண்டிக்கலாம்" என்றார். அந்த வருடக் கணக்கில் எங்கள் வீடு, வெற்றிகரமாக அமைக்கப்பட்ட குடியிருப்புக் கிணறுகளில் ஒன்றாம்.

போன வாரம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தச் சரிவு வழியாக வந்தேன். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நேரம். என் தங்கை இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடமாக ஏறி வந்துகொண்டிருந்தாள். இரண்டுமே பெரிய குடம். வேனை நடுத்தெருவில் அப்படியே நிறுத்திவிட்டுக் குதித்து ஓடி, அவள் இடுப்புக் குடத்தைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை.

"என்னம்மா இது? டாக்டர் என்ன சொன்னாங்க?"

பின்னால் வேனில் பிள்ளைகள் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"விடுண்ணா. இனிமே எப்பவும் எந்தக் குடம் வேணும்னாலும் தூக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."